மேயர் டூலியின் நிறம்

கார்டன் ஹால்வர்சன் சிரிப்பதற்கு முன் ஒடெசா பிரூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் மட்டுமல்ல. பாசடீனா ஓட்டலின் பெரிய கூடத்தில், குளிரூட்டியின் இரைச்சலுக்கடியில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த தொலைக்காட்சி விமர்சகர்களில் பாதிப் பேர் அதையே செய்தார்கள். திரையில் ஒரு கறுப்பர் படியில் இடறி விழுகிறார். சிரிக்கலாமா, கூடாதா? கறுப்புப் பெண்ணான ஒடெசாவின் உதடு கொஞ்சம் நெகிழ்ந்தால் போதும், கூடம் அவிழ்ந்துகொள்ளும். நெகிழாவிட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கரகரக்கும். ஒவ்வொரு ஜூலையிலும், இலையுதிர் காலத்தில் வரப்போகும் தொடர்களைச் சேனல்காரர்கள் இங்கே மேடையேற்றிக் காட்டும் இரண்டு வாரங்களிலும், க்ளீவ்லாண்ட் பத்திரிகைக்காக வந்திருக்கும் ஒடெசாவுக்கு இந்த உபரி வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது.

அவள் சிரிக்கவில்லை. கூடம் இருமியது.

தொடரின் பெயர் ‘மேயர் டூலி’. வெள்ளையர் மட்டுமே குடியிருக்கும் ஒரு புறநகரில், டூலி என்ற பெயரைப் பார்த்து யாரோ ஐரிஷ்காரன் என்று நினைத்துக்கொண்டு வாக்களித்துவிடுகிறார்கள். வெற்றி விழாவுக்கு வந்து நிற்பவர் மொபீல் நகரத்துக் கறுப்பர், குழாய் வேலை செய்பவர். கார்ட்டூன் தொடர்தான், ஆனால் பெரியவர்களுக்கானது, இனவெறியைக் கிழித்துத் தொங்கவிடுவதாக விளம்பரப்படுத்தப்பட்டது. படைத்தவன் தாடியஸ் கெயின்ஸ் என்ற இளைஞன். அவனும் கறுப்பன்.

முதல் நான்கு பகுதிகள் அடங்கிய டிஸ்க் ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாப் பத்திரிகைகளுக்கும் வந்துவிட்டது. விமர்சனங்களும் வந்துவிட்டன. அவை ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு ஒரே விஷயத்தைப் புகழ்ந்தன. தொடரில் வெள்ளையர்களின் முகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. கறுப்பர்களின் முகங்களோ, டூலி முதல் அவர் மகள்கள் வரை, வெறும் சாம்பல். ‘நிறத்தைப் பற்றிய தொடரில் நிறத்தையே துறந்த துணிச்சல்’ என்றது ஒரு பாஸ்டன் பத்திரிகை. ‘சாம்பல் என்பது இந்த நாட்டின் குற்ற உணர்வின் நிறம்’ என்று சியாட்டிலிலிருந்து ஒருவர் எழுதினார். மினியாபொலிஸ்காரரான ஹால்வர்சன் அவர்களையெல்லாம் மிஞ்சினார்: ‘டூலியின் சாம்பல் முகத்தில் நான் என்னைக் கண்டேன்.’ அந்த வரியைப் படித்தபோது ஒடெசாவுக்கு, அடுத்தவர் வாயிலிருந்து எடுத்த சவ்வு மிட்டாயைத் தன் வாயில் போட்டாற்போல் இருந்தது.

அவள் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ‘கெயின்ஸ் தன் ஆட்களைப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் முக்கியெடுத்திருக்கிறார். வெள்ளையர்களுக்கு ரத்தம் ஓடும் கன்னம், நமக்கு ஈயம். இதற்குப் பெயர் நையாண்டி அல்ல, கூச்சம்.’ அது அச்சான ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், அவளுடைய சபைப் போதகரின் மனைவி வாகனங்கள் நிற்குமிடம் வரை துரத்திக்கொண்டு வந்து கேட்டாள்: “ஏன்டி, நம்ம பையன் ஒருத்தன் தலையெடுத்தா உனக்கு அடுக்காதா? வெள்ளக்காரனே பாராட்டறான், உனக்கென்ன வந்துச்சு?”

முன்னோட்டம் முடிந்து கூடம் கலைந்தபோது, காப்பி மேசையருகே ஒரு கை அவள் முழங்கையைத் தொட்டது. தாடியஸ் கெயின்ஸ். புகைப்படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு இருந்தான்.

“ஒடெசா அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா?”

“எனக்கு உன்மேல கோவமெல்லாம் இல்லப்பா. தொடர் மேலதான்.”

“திட்டுங்கக்கா, வாங்கிக்கறேன். ஆனா நான் பண்ணாததுக்குத் திட்டிட்டீங்க.” சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “மூஞ்சிக்கு இன்னும் கலரே அடிக்கலக்கா.”

“என்ன சொல்ற?”

“நீங்க பாத்தது அரைகுறை. டிஸ்க் ஓட ஆரம்பிக்கும்போது, திருட்டு நகல் எடுக்காதேன்னு எச்சரிக்கை வரும்ல, அதுக்கு அடுத்தாப்ல திரையில ஒரு அறிவிப்பு அட்டை வருது. ‘முக நிறங்கள் இன்னும் முடியவில்லை’ன்னு. அத ஒருத்தர்கூடப் பாக்கல.”

வாரம் முழுவதும் டிஸ்க் டிஸ்க்காகப் பார்த்துத் தள்ளும் இந்தத் தொழிலில், எச்சரிக்கையை உட்கார்ந்து படிப்பவர் யார்? டிஸ்க் சுழலத் தொடங்கும் முன்பே கட்டைவிரல் தானாகத் தாண்டும் பொத்தானைத் தேடிப் போய்விடும். அவளுடைய விரலும் அப்படித்தான் போயிருந்தது.

“அப்ப வெள்ளக்காரங்களுக்கு மட்டும் எப்படி அடிச்சு முடிச்ச?”

“அவங்களுக்கு ஒரு டப்பா போதுமேக்கா! அனுப்பின வாரமே சியோல்ல கலர் அடிக்கற ஸ்டூடியோவுல முடிச்சுட்டாங்க. நம்மாளுங்களுக்குத்தான் ஆளுக்கொரு கலரு வேணும்னு நான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அதான் லேட்டு.” கொஞ்சம் தயங்கினான். “மூணாம் பகுதிக்கு மட்டும் நானே அடிச்சு வச்சிருக்கேன். வாங்க, காட்டறேன். ஆனா எழுதக் கூடாது. பாத்தேன்னுகூட யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வாக்கு குடுங்க.”

கொடுத்தாள். இந்தத் தொழிலில் அது சத்தியத்துக்குச் சமம். எழுதக் கூடாது என்று சொல்லிக் காட்டியதை எழுதிய கைக்கு அதன் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

ஓட்டலின் பின்புறம், வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த அவனுடைய காரில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அவள் மூன்றாம் பகுதியைப் பார்த்தாள். இருக்கையின் ரெக்சின் அவள் தொடையைச் சுட்டது. இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு அவளுக்கு அது தெரியவில்லை.

டூலி, வறுத்த பீக்கான் கொட்டை ஓட்டின் நிறத்தில், நெற்றியில் மட்டும் எண்ணெய் மினுங்க நின்றார். மனைவி எஸ்டெல் அவரைவிடக் கறுப்பு. நெற்றிப் பொட்டில் லேசான ஊதா ஓடும் கறுப்பு. மகள்களின் முழங்கால்கள் கெண்டைக்காலைவிட ஒரு படி கருத்திருந்தன. கையை விரித்தால் உள்ளங்கை வெளுத்துத் தெரிந்தது. எஸ்டெலை டூலி சீண்டும் காட்சியில் அவள் கன்னத்தின் அடியிலிருந்து ஒரு செங்கருமை மெல்ல எழுந்து வந்தது. கறுப்புப் பெண் ஒருத்தி வெட்கப்படுவதைக் கண்ணால் காணும்படி வரைந்த கார்ட்டூன் எதையும் ஒடெசா அதுவரை பார்த்ததில்லை.

பிறகு சாப்பாட்டு மேசைக் காட்சி. எஸ்டெலின் தம்பி ராஸ்கோ வெளிர் மஞ்சள் நிறம், மூக்கெல்லாம் புள்ளிகள். நகரசபை அவனை இத்தாலிய வக்கீல் என்று நினைத்து, மேயருக்கு மறுக்கும் நாற்காலியை அவனுக்குப் போட்டுத் தருகிறது. குடும்பமே வெண்டைக்காய்க் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டு அவனைப் பந்தாடுகிறது. ‘ஏங்க வக்கீல் சார், எங்க வீட்டுச் சோளரொட்டியெல்லாம் உங்களுக்கு ஒத்துக்குமா?’ ஒடெசா வாய்விட்டுச் சிரித்தாள். சாம்பலில் இதே காட்சியைப் பார்த்தபோது, ஒரே நிறத்தில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவனை மட்டும் எதற்குக் கேலி செய்கிறார்கள் என்றே விளங்கவில்லை. சியாட்டில்காரர் அதற்கு ‘அபத்தத்தின் ஆழ்ந்த மௌனம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“இத வச்சுக்கிட்டா நீ சும்மா இருக்க?” என்றாள்.

“நான் சும்மா இல்லக்கா. அவங்க வேணாங்கறாங்க. விமர்சனமெல்லாம் வந்ததும் கீஸ்லர் அம்மா கூப்பிட்டு விட்டாங்க.” கேரல் கீஸ்லர் சேனலின் தலைவி. “‘கண்ணா, உனக்கே தெரியாம நீ ஒரு காவியம் பண்ணிட்ட’ன்னாங்க. சாம்பலே இருக்கட்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சியோலுக்குக் கலர் போகலைன்னா அவ்வளவுதான், அப்படியே ஒளிபரப்பாயிடும்.”

“மறுக்க வேண்டியதுதான?”

“நானா வாயத் தொறந்தா வேலை போயிடும். ஆனா நாளைக்கு மேடையில எல்லார் முன்னாடியும் ஒருத்தர் கேட்டுட்டா, நான் சொல்லித்தான ஆகணும்? அப்பறம் அவங்களால மறைக்க முடியாது.” அவன் மடிக்கணினியை மூடினான். “நீங்க கேளுங்கக்கா. உங்களத் தவிர யாரும் கேக்க மாட்டாங்க.”

கேட்பதென்றால், அத்தனை பேர் முன்னிலையிலும் தானும் பார்க்காமல் எழுதியவள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எஸ்டெலின் கன்னம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

“சரி” என்றாள்.

மறுநாள் மேடையில் கீஸ்லர் வெள்ளைக் கால்சட்டையும் முத்துமாலையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தாடியஸ், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில். முதல் ஒலிவாங்கி ஹால்வர்சன் கைக்குப் போனது.

“தாடியஸ், அந்தச் சாம்பல்! அது உங்களுக்கு எப்பத் தோணுச்சு? கனவுல வந்துச்சா?”

கூடம் கனிவோடு முணுமுணுத்தது. தாடியஸ் ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தான். அவன் பார்வை வரிசைகளைத் துழாவி ஒடெசாவிடம் வந்து நின்றது. அவள் கையை உயர்த்தினாள்.

“க்ளீவ்லாண்ட்லருந்து ஒடெசா பிரூட். டிஸ்க்ல எச்சரிக்கைக்கு அப்புறம் ஒரு அட்டை வருது. இன்னிக்குக் காலைலதான் போட்டுப் பாத்தேன். முக நிறங்கள் முடியலன்னு தெளிவாப் போட்டிருக்கு. நான் அதத் தாண்டிட்டுப் போய்த்தான் விமர்சனம் எழுதியிருக்கேன். வெக்கக்கேடுதான், ஒத்துக்கறேன். இங்க இருக்கற நாம எல்லாருமே அப்படித்தான் எழுதியிருக்கோம்.” விசைப்பலகைகளின் ஓசை நின்றுபோயிருந்தது. “தாடியஸ், உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த முகங்களுக்கு நீங்க கலர் அடிக்க வேண்டாமா?”

கீஸ்லர் புன்னகை மாறாமல், தாடியஸின் நாற்காலி முதுகில் கையை மட்டும் வைத்தாள். வீட்டு நாயின் கழுத்துப்பட்டியில் விரல் கோத்து வைப்பவர்களைப் போல.

தாடியஸ் தண்ணீர் குடித்தான்.

“அது... எல்லா டிஸ்க்லயும் போடற அட்டைங்க. வழக்கமாப் போடறது. சாம்பல் சாம்பல்தான். முதல் நாள்லருந்தே நான் அப்படித்தான் யோசிச்சேன்.”

எல்லாரும் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் சேர்த்துச் சொன்னான்:

“ஒடெசா அக்கா எங்கம்மா மாதிரி. எதப் போட்டுக் காட்டினாலும் கலர் பத்தலம்பாங்க.”

கூடம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை ஒருவர்கூட அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்து அனுமதி கேட்கவில்லை. அந்தச் சிரிப்பில் வேடிக்கையைவிட விடுதலைதான் அதிகம். சிரித்தவர்களில் பலருக்கு அவன் சொன்னது பொய் என்று தெரிந்திருந்தது. சிலர் அப்போதே பையைத் திறந்து டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்து மூடியதை அவள் கண்டாள். அந்தப் பொய் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர்கள் பார்க்காமல் எழுதிய ஒவ்வொரு வரியையும் அது காப்பாற்றிக் கொடுத்தது. தன்னைச் சுற்றிலும் திறந்து மூடும் ஈரமான வாய்களை அவள் பார்த்தாள். காலையில் சேனல் செலவில் தின்ற பன்றிக்கறியின் நெய் இன்னும் பல உதடுகளில் மின்னியது. அவள் நாக்கின் அடியில் புளித்த நீர் ஊறியது. ஒலிவாங்கியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

க்ளீவ்லாண்டிலிருந்து பத்திரிகையின் ஆசிரியர் லிண்டி மார்ஷ் அதற்குள் அழைத்துவிட்டாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது.

“ஒடெசா! ஜெயிச்சுட்டியேம்மா! வேணும்னேதான் சாம்பல் அடிச்சிருக்கான்னு நீ எழுதின, அவனே மேடையில ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“அவன் பொய் சொல்றான், லிண்டி.”

“உனக்கெப்படித் தெரியும்?”

ஒடெசா வாயைத் திறந்தாள். வாக்கு குறுக்கே நின்றது. “அட்டையப் பாரு.”

“அட்டைக்கு அவன் விளக்கம் சொல்லிட்டான்ல? உன் விமர்சனம் சரின்னு ஊரே சொல்லும்போது நீ ஏன் அதுமேல மண்ணள்ளிப் போடற?”

பார்க்காமல் எழுதிய ஒரு வரி, இன்னொருவன் கோழையானதால் உண்மையாகிவிட்டது. தெருவில் மிதித்த அசிங்கம் செருப்போடு வீட்டுக்குள் வந்ததைப் போல அந்த வெற்றி அவளோடு அறைக்குள் வந்தது.

மாலையில், மூன்றாம் தளத்துத் தாழ்வாரத்தின் ஐஸ் இயந்திரத்தருகே தாடியஸ் காத்திருந்தான். கையில் காலி வாளி.

“அக்கா, மேடைக்குப் போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அந்தம்மா சொன்னாங்க, அடுத்த சீசனும் உறுதின்னு. என்கூட வரையறவங்க அத்தன பேருக்கும் வேலை. நான் என்ன பண்ணட்டும்?”

“சாம்பல்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? என்ன எதுக்குடா கேக்கச் சொன்ன?”

“சொல்லிடுவேன்னுதான் நெனச்சேன். சத்தியமாக்கா. வாய்ல வரல.” வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “ரெண்டாவது சீசன்ல என் பேச்சு எடுபடும். அப்ப நானே அடிச்சுடுவேன் பாருங்க.”

“அப்ப என்ன எழுதுவாங்க தெரியுமா? நல்லா இருந்தத கெடுத்துட்டான்னு எழுதுவாங்க. சாம்பல்ல துணிச்சல் இருந்துச்சு, கலர் அடிச்சுக் கோழையாயிட்டான்னு. இதே கூட்டம்தான் எழுதும். உன் எஸ்டெலப் பாத்து, இவ யாரு புதுசான்னு கேக்கும்.”

அதை அவன் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஐஸ் இயந்திரம் உள்ளுக்குள் எதையோ உடைத்துக் கொட்டிக்கொண்டது.

“ஒண்ணு பண்ணு. நான் குடுத்த வாக்க எனக்குத் திருப்பிக் குடு. கார்ல பாத்தத எழுதறேன். ஒவ்வொரு மூஞ்சியும் என்ன நிறம்னு எழுதறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு.”

அவன் வாளிக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். யாரோ ஒரு தம்பதி நீச்சல் உடையில், கால் ஈரத்தைத் தரைவிரிப்பில் பதித்துக்கொண்டு கடந்து போனார்கள்.

“வேணாங்கக்கா” என்றான் கடைசியில். “அம்மான்னு கேலி பண்ணதுக்கு மன்னிச்சுக்கங்க.”

“அதுக்கில்லடா” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பொய்யையும் சுமக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் பயன்படுத்தி அவள் ஒரு சிறு குறிப்பு எழுதினாள். ‘மேயர் டூலி தொடருக்கு நான் எழுதிய விமர்சனத்தைத் திரும்பப் பெறுகிறேன். முகங்களின் நிறம் முடியவில்லை என்று டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறது. அதைப் பார்க்காமல், முடியாத முகங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். இதே டிஸ்க் எல்லாப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம்.’ ‘அந்த முகங்கள் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது’ என்ற வாக்கியத்தையும் எழுதிப் பார்த்து அடித்தாள். அது ஒன்றுதான் பொய்.

“நம்ம பேப்பர் விமர்சனத்தத் திரும்ப வாங்கி நான் பாத்ததே இல்ல” என்று லிண்டி அலுத்துக்கொண்டாள். “சரியா இருக்கற விமர்சனத்த வாங்கறது அதவிடக் கூத்து.” இருந்தாலும், வானிலை அறிக்கையின் கீழே, சிறிய எழுத்தில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. சியோலுக்கு எதுவும் போகவில்லை. யாரும் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்ததாகவும் தெரியவில்லை. கீஸ்லரின் அலுவலகம் மட்டும், இனி ஒடெசா பிரூட்டுக்கு முன்கூட்டியே எதுவும் அனுப்பத் தேவையில்லை என்று தீர்மானித்திருந்தது. அதை யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த தொடரின் டிஸ்க்குகள் அடுக்கியிருந்த மேசையில் அவள் பெயரிட்ட உறை இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டில் ஹால்வர்சன் தட்டோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவளுடைய தந்தை இறந்தபோது பூ அனுப்பியவர்.

“உன் குறிப்பப் படிச்சேன் ஒடெசா. பெரிய மனசு வேணும் அதுக்கு. நானா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்.”

“அட்டையப் போட்டுப் பாத்தீங்களா, கார்டன்?”

“பாத்தேன்.” ஆம்லெட்டை வெட்டினார். “பாக்காம இருப்பனா? நீ சொன்னது சரிதான்னும் தெரியும். அந்தப் பையனுக்கு வேற வழியில்ல, பாவம்.” மென்று விழுங்கிவிட்டு, நம்பிக்கையான குரலில் தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு சொல்லட்டா? இவ்வளவு நாள் பாத்துப் பழகினதுல எனக்குச் சாம்பல்தான் பிடிச்சுப்போச்சு. கலர் இருந்தா யாரு என்னன்னு பாத்துட்டே இருக்கத் தோணும். சாம்பல்ல மனுஷன மட்டும்தான் பாக்கறோம், இல்லியா?”

ஒடெசா கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக வந்த கலிபோர்னிய வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மூக்கின் இரு புறமும் ஊதா இழைகள். காதின் விளிம்பில் வெந்த இறாலின் சிவப்பு. கழுத்தில் சவரக்கத்தி விட்டுச்சென்ற ரோஜாப் பொட்டுகள். கண்ணுக்குக் கீழே புளித்த மோர்த் தெளிவின் பசுமை. நெற்றியின் மேற்புறம் மட்டும், தொப்பி மறைத்த இடத்தில், பாலேட்டின் வெள்ளை. மோவாயில் மஞ்சளாக ஆறி வரும் ஒரு பழைய காயம்.

“ஏன் அப்படிப் பாக்கற?” என்று அவர் கேட்டார்.

“கொஞ்சம் அப்படியே இருங்க, கார்டன். எண்ணிட்டிருக்கேன்.”

அவர் சங்கடமாகச் சிரித்து, மேசைத் துணியின் நுனியை எடுத்து, எதுவும் ஒட்டாத தம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடம் இன்னும் சிவந்தது. அதையும் அவள் சேர்த்துக்கொண்டாள்.